பொன்னுசாமி அண்ணனின் சொல் அட்டைகள்

யாராலும் நம்ப முடியாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று நெஞ்சில் கைவைத்து உறுதியளிக்கிறேன். எங்கள் பனியன் கம்பெனி ஸ்டோர்கீப்பர் பொன்னுசாமி அண்ணன் போய்விட்டார் என்று செல்போனில் தகவல் வந்தபோது, அவிநாசி ரோட்டில் லாரி, பஸ் எல்லாம் தாமாகவே நின்று மௌனம் காத்தன. நின்றது என் மொபெட் மட்டும்தான் என்பார்கள் சிலர்.

அண்ணனை அறிந்தவர்களுக்கு அவருடைய பிஸ்கட் டப்பாக்களையும் தெரியும். பனியன் மடிக்கிற அட்டையை நறுக்கி, கம்பெனியில் காதில் விழுந்த சொல்லையும் பெயரையும் எழுதி, தலைப்பு வாரியாக அடுக்கிவைப்பார். மெஷின், நூல், கறை, கழிவு, ஆட்கள். கறைக்கு மட்டும் அவர் சேர்த்த பெயர்களை எழுத நொய்யல் ஆற்றுத் தண்ணீர் முழுவதும் மையாக வேண்டும். நல்லவேளை, நொய்யலில் ஓடியதே சாயம்தான்.

கம்பெனியில் நிறைய செல்விகள். ஓட்டுகிற மெஷினே அவர்களுக்குப் பட்டப்பெயர். 'ஓவர்லாக் செல்வி'யை மெஷின் தலைப்பில் வைக்கச் சொன்னார் முதலாளி. அண்ணன் அட்டையை ஆட்களிலிருந்து நகர்த்தவில்லை.

"மெஷின் பழசாச்சுன்னா வித்துப்போட்டு வேற வாங்குவீங்க. செல்விக்கு எங்கீங்க போவீங்க?"

அன்றுமுதல் செல்வியைக் கண்டால் முதலாளி எழுந்து நின்றார்.

பக்கவாதம் வந்து அண்ணனுக்குப் பேச்சு போயிற்று. டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய், "நான் எந்தத் தலைப்புங்கண்ணா?" என்றேன். துழாவி, 'கழிவு' என்ற அட்டையை எடுத்து நீட்டினார். வார்டே சிரித்ததில் குளுக்கோஸ் பாட்டில்கள் குலுங்கின. அவர் மனைவி சரசக்காவும் சிரித்துவிட்டு, "நானுங்க?" என்று கேட்டார்.

அண்ணன் எல்லா அட்டைகளையும் புரட்டினார். ஒன்றையும் எடுக்காமல் டப்பாவை மூடினார். அக்கா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு சுடுதண்ணீர் வாங்கப் போய்விட்டார்.

அவர் போன வாசலையே பார்த்திருந்த அண்ணன், "சரசு" என்றார். தெளிவாக, ஒரே முறை.

அக்கா திரும்பியதும் சொன்னேன். "உங்க கதையை இன்னைக்குமா சொல்லோணும் தம்பி?" என்றார், கோபமில்லாமல். அதன்பின் அண்ணன் எதுவும் பேசாமலே போய்விட்டார். கருமாதியன்றும் சொன்னேன். என்னைத் தேற்றுவதுபோலத் தலையாட்டினார்.

அண்ணனுடையவை என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று, அக்கா கொடுத்த 'கழிவு' அட்டை. மற்றது, அக்காவுக்குச் சேர வேண்டிய அந்த ஒரு சொல். வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

லாரிகள் நிற்கவில்லை. முதலாளி எழுந்து நிற்கவில்லை. பாட்டில்கள் குலுங்கவில்லை. அண்ணன் "சரசு" என்று சொன்னார். அது மட்டும் நடந்தது, அக்கா.