படத்தில் வரும் வாச்சர்

படங்களில் கேற்றுக்குக் காவல் நிற்கும் வாச்சர் நித்திரை கொள்வதற்காகவே வருகிறவர். வைத்தியர் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு உதட்டைப் பிதுக்குவார். ஏழைத் தாய் வந்தால் இருமுவாள். பணக்காரன் மாடிப்படியில் இறங்கி வருவான். வாச்சர் என்றால் ஒரு கதிரையில் சாய்ந்து, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, வாயைத் திறந்தபடி குறட்டை விடுவார். இடுப்பில் பூட்டுகளின் திறப்புக்கொத்து தொங்கும். கள்ளன் மெலிந்தவனாக, கெட்டிக்காரனாக இருப்பான், கால்நுனியில் நடப்பான். தியேட்டர் முழுக்க அவன் பக்கம்தான். கார்ட்டூன் படமென்றால் வாச்சருக்கு மனித உருவம்கூடக் கொடுப்பதில்லை. தடித்த நாயொன்றுக்குத் தொப்பி போட்டு இருத்திவிடுவார்கள்.

இந்த உருவத்தை முதலில் கண்டுபிடித்தவன் யாரென்று எனக்குத் தெரியாது. ஒரு நாளாவது வெயிலில் ஒரு கேற்றடியில் நின்றவனாக இருக்கமாட்டான். அவன்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. என்மேல் உள்ள கோபத்தையும் சேர்த்து அவன் தலையில் போடுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

என் அப்பா வாச்சர். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் திருகோணமலையில் கப்பல் பழுதுபார்க்கும் டொக்யாட்டில் கூலியாகச் சேர்ந்தவர். வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டிக்கொண்டு போனபோது எங்கள் ஒழுங்கையில் அரைவாசி வீட்டுக்காரருக்கு வேலை போனது. அப்பாவுக்குத் துறைமுகத்துப் பண்டகசாலையொன்றின் கேற்றில் வேலை கிடைத்தது. கஞ்சி போட்ட காக்கிச் சட்டையும் தொப்பியுமாகக் காலையில் போவார். சனிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவது நான். ஒரு வாய் சோறும் மீனும் எடுப்பார், கேற்றைப் பார்ப்பார், அடுத்த வாய் எடுப்பார். கோட்டைப் பக்கத்து மான் ஒன்று கம்பிக்குள்ளால் தலையை நீட்டினாலும் எழும்பிப் போய்த் துரத்திவிட்டுத்தான் வந்து இருப்பார். மானுக்கு அனுமதித்துண்டு இல்லையாம்.

பகலில் கண்ணை மூடாத மனிதர் அவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டபிறகு ஊரே பாய் விரிக்கும் நேரத்திலும் கதிரையில் முதுகை நேராக வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருப்பார். "இந்த மனிசன் செத்தாலும் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடக்கும்" என்று அம்மா சொல்வது வழக்கம்.

எனக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும்போது அப்பா என்னை மெட்னி ஷோவுக்குக் கூட்டிப்போனார். பெரிய படத்துக்கு முதல் ஒரு கார்ட்டூன் போட்டார்கள். ஒரு களஞ்சியத்துக்குக் காவல் நிற்கும் நாய் குறட்டை விடுகிறது. நரியொன்று அதிகாரியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வருகிறது. நாய் பாதிக் கண்ணைத் திறந்து, சல்யூட் அடித்து, கேற்றைத் திறந்துவிட்டு, மறுபடியும் குறட்டை விடுகிறது. எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. அவர் படத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நான் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார். அதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோதுதான் அந்தக் களவு நடந்தது. பட்டப்பகலில், பின்னேரம் இரண்டு மணிபோல, பண்டகசாலைக்குள் இருந்த செப்புக் கம்பிச் சுருள்கள் ஒரு லொறி நிறையப் போய்விட்டன. கேற்றில் நின்றவர் அப்பா. ஒரு மாதம் வேலைக்கு வரவேண்டாமென்று நிறுத்திவைத்தார்கள், பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசாரணை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிட்டது. அப்பா வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

"நித்திரையாப் போனனான். வேலை இல்லை எண்டிட்டினம். பென்சன் குறைச்சுத் தருவினம்."

"பகல் ரெண்டு மணிக்கோ?" என்றாள் அம்மா.

"ஓம்."

அம்மா அவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குசினிக்குள் போய்விட்டாள்.

நாலு நாளில் ஊர் முழுக்கக் கதை. அப்பா கதிரையில் குறட்டை விட்டாராம். கள்ளர் வந்து அவர் இடுப்பிலிருந்து திறப்புக்கொத்தைக் கழற்றினார்களாம். கேற்றைத் திறந்து, லொறியில் சாமானை ஏற்றி, வெளியே கொண்டுவந்து, கேற்றைப் பூட்டி, திறப்பைத் திரும்ப அவர் இடுப்பிலேயே கொழுவிவிட்டுப் போனார்களாம். விசாரணை செய்த அதிகாரி "உனக்குத் தெரியவே இல்லையா" என்று கேட்க, அப்பா "இல்லை ஐயா" என்றாராம். அறையில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். சலூனிலும் மீன் சந்தையிலும் இதை நடித்தே காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் நான் வகுப்புக்குள் நுழைந்தால் பெட்டைகள் மேசையில் தலையை வைத்துக் குறட்டை விடுவார்கள்.

நானும் நம்பினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. பகலில் கண்ணை மூடாத மனிதரைப் பிறந்த நாளிலிருந்து பார்த்தவள் நான். ஆனால் அந்தக் கதையைக் கேட்டவுடன் என் மனதில் வந்தது கதிரையில் நேராக இருக்கும் அப்பா இல்லை. தொப்பி மூக்கில் சரிந்து கிடக்க, வாய் திறந்து, இடுப்பில் திறப்புத் தொங்கும் ஒரு உருவம் வந்தது. அதை நான் எத்தனை தரம் பார்த்திருந்தேன். அந்த உருவத்துக்கு அப்பாவின் முகத்தை ஒட்டவைக்க ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் அவர் வழக்கம்போல் கதிரையில் முழித்துக்கொண்டிருந்தார். அந்த வழியால் போன நான், "இப்ப முழிச்சிருந்து ஆருக்குக் காவல்?" என்று கேட்டுவிட்டேன். அப்பா எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் அள்ளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. இரண்டு வாளியும் ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தன.

ஏழு வருஷம் இப்படியே போனது. நான் படித்து, ஆசிரியை வேலை கிடைத்துத் திரியாய்க்குப் போனேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். தொலைக்காட்சி வந்த புதிது அது. எங்கள் ஒழுங்கையில் முதலாவது பெட்டி கிண்ணியாவிலிருந்து வந்து இரும்புக்கடை வைத்திருந்தவர் வீட்டில்தான் இருந்தது. சவூதியில் இருந்த மகன் கொண்டுவந்து கொடுத்தது. மூன்று குழாயை ஒன்றாகப் பொருத்தி, தென்னை மரத்துக்கு மேலால் அன்டெனா நீட்டியிருந்தார். காற்றடித்தால் படத்தில் உப்புக் கொட்டும். கொட்டட்டும் என்று ஒழுங்கைச் சனம் முழுக்க அவர் விறாந்தையில் இருக்கும். அப்பாவும் போவார். அவருக்கென்று ஒரு கதிரை போட்டுவைத்திருப்பார்கள்.

அநேகமாக எல்லாம் சிங்களத்திலோ இங்கிலிஷிலோ வரும். விறாந்தையில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும் விளங்காது. ஆனாலும் ஒருவரும் எழும்பிப் போனதில்லை. மீசைக்காரன் வந்தால் அவன்தான் கெட்டவன். வெள்ளைச் சட்டை போட்டவளுக்குக் காதல் தோற்கும். மாமியார் வந்தாலே பெண்கள் உச்சுக்கொட்டத் தொடங்கிவிடுவார்கள். பார்த்த ஆட்களையே திரும்பத் திரும்பக் காட்டினால் மொழி எதற்கு? ஆள் வந்து நின்றவுடனேயே அவர் என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்துவிடுகிறது. அவர் வேறு ஏதாவது செய்தால்தான் நமக்கு விளங்காது.

ஒரு வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். பொழுதுபடுகிற நேரம் கார்ட்டூன் போட்டார்கள். மறுபடியும் ஒரு நாய், தொப்பி, கதிரை, குறட்டை. எலியொன்று தூண்டில் போட்டு நாயின் இடுப்பிலிருந்த திறப்பைத் தூக்கியது. உள்ளே இருந்ததையெல்லாம் வண்டியில் ஏற்றியது. போகும்போது திறப்பைப் பழையபடி நாயின் இடுப்பில் கொழுவிவிட்டு, அதன் தலையையும் தடவிவிட்டுப் போனது. பிள்ளைகள் நிலத்தில் விழுந்து சிரித்தார்கள்.

"அண்ணன், பாருங்க, ஒங்கட வேலைக்கு ஆள் வந்திரிக்கி" என்றார் வீட்டுக்காரர். அப்பாவோடு ஒரு தேத்தண்ணியைப் பாதி பாதி குடிக்கிற மனிதர், வேண்டுமென்று நோகடிக்கிறவர் இல்லை. விறாந்தை முழுக்கச் சிரித்தது. அப்பாவும் தலையை ஆட்டிச் சிரித்தார். நானும் உதட்டுக்குள் சிரித்தேன்.

அப்போது வீட்டுக்காரரின் பேத்தி, ஆறு வயதிருக்கும், அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "மாமா, கள்ளன் ஏன் திறப்பத் திருப்பி வெக்கிறான்? எடுத்தா ஓடலாந்தானே?"

"படம்தானே மகள்" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏழு வருஷமாக இந்த ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. அதிகாரி கேட்கவில்லை. சந்தையில் நடித்துக் காட்டியவன் கேட்கவில்லை. கணக்கும் விஞ்ஞானமும் படிப்பிக்கிற நான் கேட்கவில்லை. லொறி நிறையச் செப்புக் கம்பியோடு நிற்கிற கள்ளன் நித்திரையில் இருப்பவரின் இடுப்பில் திறப்பைக் கொழுவிக்கொண்டு நிற்பானா? படத்தில் நிற்பான்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஒழுங்கையில் எங்கள் இருவரையும் தவிர ஒருவரும் இல்லை. நான் கேட்டேன்.

"அப்பா, அண்டைக்குத் திறப்பு உங்கட இடுப்பிலதானே இருந்தது?"

"ஓம்."

"அப்ப கேற்றை ஆர் திறந்தது?"

அவர் இரண்டு மூன்று எட்டு நடந்தார். "நான்தான்" என்றார்.

பிறகு, யாரோ வேறொருவருக்கு நடந்ததுபோல, அவசரமில்லாமல் சொன்னார். அன்றைக்கு யூனிபோம் போட்ட ஒருவன் லொறியோடு வந்து ஒரு தாளை நீட்டினான். அதுவரை அனுமதித்துண்டு இங்கிலிஷில் வரும். அப்பாவுக்கு அதன் நிறமும் முத்திரையும் இலக்கங்களும் பழக்கம். இது முழுக்கச் சிங்களத்தில் தட்டச்சு செய்த தாள். அப்பாவுக்குச் சந்தைச் சிங்களம் நாலு வசனம் வரும், ஓரெழுத்தும் வாசிக்கத் தெரியாது. அவன் அவசரப்படுத்தினான். தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்றுகூடத் தெரியாமல் அப்பா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சல்யூட் அடித்து, கேற்றைத் திறந்தார். போகும்போது அடுத்த கேற்றில் காட்டவேண்டுமென்று தாளையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதில் என்ன எழுதியிருந்தது என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

"வாசிக்கத் தெரியாது எண்டு சொல்லியிருக்கலாம்தானே" என்றேன்.

"எப்பிடிச் சொல்லுறது பிள்ளை? சிங்களச் சோதனை பாஸ் எண்டு என்ர ஃபைலில கிடக்கு."

அரசாங்க வேலையில் இருக்கிற தமிழர் அந்தச் சிங்களச் சோதனை பாஸ் பண்ணாவிட்டால் வேலை நிலைக்காது என்றிருந்த காலத்தில், கந்தோரில் இருந்த பெரிய கிளாக்கர் அப்பாவுக்காகத் தன் கையாலேயே விடை எழுதிக் கொடுத்திருக்கிறார். தெற்குப் பக்கத்துச் சிங்கள மனிதர். கேற்றில் நிற்கிறவனுக்கு எதற்கு இலக்கணம் என்று சொல்லிச் சிரித்தாராம். அப்பா உண்மையைச் சொன்னால் அப்பாவின் வேலையும் பென்சனும் மட்டுமில்லை, அவருடையதும் போகும். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். விசாரணை அறையில் அப்பாவின் வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்திருந்தவரும் அவரேதான்.

"நித்திரையாப் போனனான் எண்டு நான் சொல்லேக்க மனிசன் எழுதுறதை நிப்பாட்டிப் போட்டார்" என்றார் அப்பா. "பேனையைத் தூக்கிப் பிடிச்சபடி என்னைப் பாத்தார். நான் தலையைக் குனிஞ்சன். பிறகு எழுதினார்."

"திறப்பு?"

"அதையும் நான்தான் சொன்னனான். விசாரிச்ச துரை கேட்டார், திறப்பு உன்ரை இடுப்பிலதானே இருந்தது எண்டு. அவங்கள் எடுத்துத் திறந்துபோட்டுத் திருப்பிக் கொழுவியிருப்பாங்கள் எண்டன். எல்லாரும் சிரிச்சவை. சிரிச்சவுடன எனக்கு விளங்கீற்று, இனி ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டினம் எண்டு. நித்திரை கொள்ளாத வாச்சர் எண்டு சொல்லியிருந்தா விடிய விடியக் கேட்டிருப்பினம்."

நான் நின்றுவிட்டேன். ஏழு வருஷத்தில் நான் அவருக்குச் சொன்னதும் சொல்லாமல் விட்டதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அதில் பாதிக்குமேல் திருப்பி எடுக்க ஏலாதவை. ஆனால் என் வாயில் வந்தது மன்னிப்பு இல்லை, முறைப்பாடு.

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்தானே அப்பா."

அவரும் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ இண்டைக்குத்தானே பிள்ளை கேட்டனீ" என்றார்.