ரிம்மாவின் பூக்களில் ஒன்று

நாற்பதாம் நாள் நினைவு நிகழ்ச்சிக்குப் பூ வாங்கப் போன அக்னியா பெத்ரோவ்னாவிடம் கடைக்காரி கேட்டாள்:

"உயிரோட இருக்கறவங்களுக்கா, போனவங்களுக்காம்மா?"

ஊரில் எந்தப் பூக்கடையிலும் கேட்பதுதான். உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படை, போனவருக்கு இரட்டைப்படை. கடைக்காரியின் கை கார்னேஷன் பூ வாளியின் மேல் காத்திருந்தது.

"ஆறு குடு," என்றாள் அக்னியா.

போனவங்க என்ற சொல் இன்னும் அவள் வாயில் வரவில்லை. மாலையில் அந்த ஆறையும் மண்டபத்தில் மூடிய பியானோவின் மேல் வைத்துவிட்டு ரிம்மாவைப் பற்றிப் பேச வேண்டும். "இப்போது வாசிக்கிறார், ரிம்மா வெலிச்கோ" என்று காலமெல்லாம் மேடையில் அறிவித்த வாய், இன்றைக்கு 'வாசித்தார்' என்று சொல்லியாக வேண்டும். முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ரிம்மா காமா நதிக்கரையில் ஓர் உப்பு ஊரில் பிறந்தவள். அப்பாவுக்கு உப்பு ஆலையில் வேலை. ஆலைக் கிளப்பில் இருந்த பழைய பியானோவில்தான் முதன்முதலில் கை வைத்தாள். அங்கிருந்து பெர்ம், பிறகு லெனின்கிராத். படிப்பு முடிந்து மாஸ்கோவில் ஒரு சிறிய அரங்கில் வாசித்தாள். பத்திரிகையில் நல்லதாக நாலு வரி வந்தது. அந்த வாரமே அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி. வந்தவள் திரும்பிப் போகவில்லை.

"அம்மா சாகப் போறான்னு ஓடி வந்தேன்," என்பாள் ரிம்மா. "வந்து பார்த்தா எழுந்து உட்கார்ந்து முட்டைக்கோஸ் சூப் குடிக்கறா. அப்புறம் இருபது வருஷம் கல்லு மாதிரி இருந்தா. கோவிச்சுக்கவும் முடியல."

மாகாண இசைக்கழகத்தில் வேலை கிடைத்தது. அறிவிப்பாளராக அக்னியா, வண்டியோட்ட ஸவேலி, வாசிக்க ரிம்மா. மரம் வெட்டுகிறவர்களின் குடியிருப்பு, சுரங்க ஊர், பால் பண்ணை என்று அந்தப் பழைய பேருந்து போகாத இடமில்லை. கிளப்புகளில் கணப்பு சரியாக எரியாது. ரிம்மா நீளமான கறுப்பு மேடை உடைக்குள் கம்பளி பூட்ஸைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கையிலும் ஒரு சுடச்சுட அவித்த உருளைக்கிழங்கை வைத்தபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். விரல் சூடேறியதும் கிழங்கை அக்னியாவிடம் கொடுப்பாள்.

"தின்னுடாதேடி. வாசிச்சு முடிச்சதும் உப்பு தொட்டுத் தின்னணும்."

"ஆறிப் போயிருக்கும்."

"ஆறினா என்ன? ராணி மாதிரி பேசாதே."

ஒரு குடியிருப்பில் வாசிக்கும்போது பியானோவின் நடுக்கட்டை ஒன்று ஒலிக்கவே இல்லை. அந்த ஒரு சுரத்தைத் தாண்டித் தாண்டியே முழு நிகழ்ச்சியையும் வாசித்து முடித்தாள். முடிந்ததும் தாடிக்காரர் ஒருவர் மேடையருகே வந்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு மகளே. நடுவுல ஏதோ ஒண்ணு மட்டும் வரவே இல்லையே?"

"அது உங்க ஊர் எலிகிட்ட இருக்கு ஐயா. பியானோவுக்குள்ள குடும்பம் நடத்துது. கேட்டு வாங்கி வையுங்க, அடுத்த தடவை வாசிக்கறேன்."

கூடம் முழுவதும் சிரித்தது. அடுத்த ஆண்டு போனபோது எலி இல்லை. யாரோ கட்டையையும் சரி செய்திருந்தார்கள். அந்தத் தாடிக்காரர் முதல் வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்படிப்பட்ட இடங்களில் பூ என்றால் பள்ளிப் பிள்ளைகள் வேலியோரத்தில் பறித்ததுதான். எண்ணிப் பறிக்க அவர்களுக்குத் தெரியாது. அதனால் பூங்கொத்து ரிம்மாவின் கைக்குப் போகுமுன் அக்னியா வாங்கிப் பார்ப்பாள். இரட்டைப்படையாக இருந்தால் யாருக்கும் தெரியாமல் ஒன்றை உருவித் தன் கோட்டின் பொத்தான் துளையில் செருகிக்கொள்வாள். ரிம்மாவின் கண்ணுக்கு அது தப்பாது. தலை வணங்கி நிமிரும்போதே முணுமுணுப்பாள்:

"அக்னியா, உனக்குப் பூ குடுத்த அந்த ரசிகன் யாருடி?"

"உனக்கென்ன பொறாமை? ஒரு ஆம்பளை குடுத்தான்."

"கண் தெரியாதவனா இருப்பான்."

ஸவேலி வண்டியோட்டியபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான். வெளியே குளிர். உள்ளே பெட்ரோல் வாடையும் ஆறிய கிழங்கும் வேலியோரப் பூவின் பச்சை மணமும். வாழ்க்கையில் அக்னியா அதைவிடச் சந்தோஷமாக எங்கும் இருந்ததில்லை. அப்போது அது தெரியவும் இல்லை.

கடைசி நிகழ்ச்சி சென்ற இலையுதிர் காலத்தில், பிறந்த உப்பு ஊரிலேயே நடந்தது. ரிம்மாவுக்கு இதயம் சரியில்லை. மருத்துவர் போகக் கூடாது என்றார். "போகாம இருந்தா மட்டும் சரியாயிடுமா?" என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள். முழுவதும் வாசித்தாள். முன்பைவிட மெதுவாக, ஒவ்வொரு சுரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவதுபோல் வாசித்தாள். ஒரு பெண் ஆஸ்டர் பூக்கள் கொண்டுவந்தாள். அக்னியா பார்த்தாள், ஏழு, ஒற்றைப்படை. எடுக்க வேண்டியதில்லை.

கொத்தை வாங்கிய ரிம்மா அதிலிருந்து தானே ஒன்றை உருவினாள். மேடையிலேயே, எல்லோருக்கும் முன்னால், அக்னியாவின் பொத்தான் துளையில் செருகினாள்.

"பைத்தியமா உனக்கு! இரட்டைப்படை ஆயிடுச்சு!"

"எனக்கு எண்ணத் தெரியும்டி."

"குடு, இன்னொண்ணை எடுத்துடறேன்."

"கையை எடு. இத்தனை வருஷமா எனக்கு வந்ததுல ஒண்ணு உன்னோடது. நீயா திருடி எடுத்துக்கிட்ட. நான் குடுக்கவே இல்லை. இன்னைக்குக் குடுக்கறேன்."

கைதட்டலில் அது வேறு யாருக்கும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் ரிம்மா அக்னியாவின் தோளில் சாய்ந்து தூங்கினாள். மடியில் ஆறு பூக்கள் இருந்தன. முதல் பனி விழுமுன் போய்விட்டாள்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். தலை நரைத்த ஸவேலி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பக்கவாட்டில் நின்ற அக்னியா, தன் பெயரைக் கூப்பிட்டதும் மேடைக்கு நடந்தாள். கார்னேஷன்களைப் பியானோவின் மேல் வைத்தாள். பேச வாயெடுத்தபோது ஸவேலி எழுந்து, மேடையோரம் வந்து மெல்லச் சொன்னான்:

"அக்னியா பெத்ரோவ்னா, அஞ்சுதான் இருக்கு. ஒண்ணு கீழே விழுந்துடுச்சா?"

அவள் குனிந்து பார்த்தாள். ஆறாவது தன் கோட்டின் பொத்தான் துளையில் இருந்தது. எப்போது உருவினாள், எப்போது செருகினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நடந்து வந்த சில அடிகளுக்குள் கை தன் வேலையைச் செய்திருந்தது.

ஸவேலியும் அதைப் பார்த்துவிட்டான். "எடுத்து வெச்சுடுங்க. சனங்க தப்பா நெனைப்பாங்க," என்றான்.

அக்னியா பூவின் மேல் விரலை வைத்தாள்.

"இது என்னோடது ஸவேலி," என்றாள். "அவ குடுத்தது."

அவன் போய் உட்கார்ந்தான். தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அக்னியா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். எழுதி வைத்திருந்த பேச்சு கைப்பையிலேயே கிடந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பழைய மேடைக் குரலில் ஆரம்பித்தாள்.

"ரிம்மா வெலிச்கோ," என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். "வாசித்தார்."