போலீசைக் கண்டால் கத்தும் பெட்டி

என் அக்காள் புருஷனுக்கு ஒரு டாக்சி இருந்தது. ஓட்டியவன் நான். அறுபதுகளில் நாலைந்து வருஷம் கடலூர் – சிதம்பரம் ரோடுதான் எனக்குச் சோறு போட்டது. மாமாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வேகமாகப் போகச் சொல்ல மட்டும் தெரியும்.

அவர் பேச்சைக் கேட்டு ஒரு தடவை மாட்டி, என் லைசென்சில் குற்றத்தை எழுதிவிட்டார்கள். இன்னொரு தடவை வந்தால் லைசென்சைப் பிடுங்கிவிடுவோம் என்று மாஜிஸ்திரேட் சொல்லி அனுப்பினார். எனக்கு வேறு தொழில் தெரியாது. அது மாமாவுக்கும் தெரியும்.

வேகமாகப் போகிற வண்டியை அப்போது போலீஸ் பிடித்த விதம் இதுதான். ஒரு மரத்தடியில் ஒருத்தர் கைக்குட்டையோடு நிற்பார். இரண்டு பர்லாங் தள்ளி இன்னொருத்தர் ஸ்டாப்வாட்சோடு நிற்பார். கார் மரத்தைத் தாண்டியதும் கைக்குட்டை கீழே இறங்கும், அங்கே வாட்ச் ஓடும். இதற்கு டிரைவர்கள் ஒரு வழி வைத்திருந்தோம். போலீசைத் தாண்டி வருகிறவன் எதிரே போகிறவனைப் பார்த்துத் தன் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்துக் காட்டுவான். தொப்பி நிற்கிறது, மெதுவாகப் போ என்று அர்த்தம். நேற்று பாசஞ்சருக்காக உன் சட்டையைப் பிடித்தவனாக இருந்தாலும் இன்று கையை வைப்பான். அதில் யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

சிங்கப்பூரிலிருந்து வந்த பரங்கிப்பேட்டை பாய் ஒருத்தரை ஒரு நாள் வீட்டில் இறக்கிவிட்டோம். கொண்டுவந்த சாமான்களை விற்பதற்காகக் கூடத்தில் பரப்பியிருந்தார். டார்ச், ரேசர், டிரான்சிஸ்டர், நடுவில் வெற்றிலைப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. மாமா அதை எடுத்தார்.

"அது அமெரிக்கா கப்பல்காரன் குடுத்தது மொதலாளி. அவுங்க ஊர்ல போலீசு கையில ராடார்னு ஒரு மிஷின் இருக்காம். அது வுடுற அலை பட்டா இது கத்தும். நம்ம ஊர்ல அந்த மிஷின் இருக்கான்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம். நீங்க டிரான்சிஸ்டர் எடுங்க, பாட்டாவது கேக்கலாம்."

பாய் உள்ளதைத்தான் சொன்னார். 'போலீசு', 'கத்தும்' என்ற இரண்டு வார்த்தைதான் மாமா காதில் ஏறியது.

"பின் டயர் ரெண்டும் மொட்ட மாமா. அத மாத்துவோம்" என்றேன்.

"ஒன் லைசென்சுக்காகத்தான்டா மச்சான் இத வாங்குறேன்" என்றார். பாயிடம் காசை எண்ணிக் கொடுத்தார்.

வெயில் தடுப்பில் செருக வேண்டிய பெட்டி அது. எங்கள் காரில் வெயில் தடுப்பு எப்போதோ உடைந்து போயிருந்தது. சைக்கிள் ட்யூபைக் கிழித்து ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த பலகையில் கட்டினேன். மாமா கற்பூரம் காட்டி, அதன் மூஞ்சி முழுக்கச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தார். நாலு நாள் அது வாயே திறக்கவில்லை. ஐந்தாம் நாள் துறைமுகத்தில் ஒரு சவாரியை இறக்கும்போது கீச்சென்று கத்தியது. கேட் ஓரத்தில் ஒரு கான்ஸ்டபிள் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா! பாத்தியாடா!" மாமா என் தொடையில் அடித்தார்.

கடலில் ஒரு கப்பல் நின்றிருந்தது. கப்பலிலும் ராடார் உண்டு என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று நானும் நம்பினேன். பாதியாவது நம்பினேன்.

அதன்பிறகு மாமா இன்னொரு சட்டம் போட்டார். "நாம பெட்டி வாங்கி வெச்சிருக்கோம். மத்தவன் மாட்டட்டும். அவன் மாட்டுனா சவாரி நமக்குத்தான். நீ எவனுக்கும் கை வெக்காத." ஒரு தடவை பழக்கத்தில் கையைத் தூக்கினேன். தட்டிவிட்டார். அன்று எங்களுக்கு எதிர்ப்பக்கம் போகிற வண்டிகளைப் போலீஸ் பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டி சும்மா இருந்தது. "இது ஏன் கத்தல?" என்று கேட்டேன். "அவுங்க நம்மளயா புடிக்கிறாங்க? நமக்கு எதுக்குக் கத்தணும்?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். கையையும் கீழேயே வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் ஆகியிருக்காது. சிதம்பரத்தில் முகூர்த்தம். பின்னால் நாலு பேர், முன்னால் மாமா. "ஆக்சிலேட்டர மெரி மச்சான், நேரமாவுது. பெட்டிதான் இருக்கே!" வழியில் செம்மங்குப்பம். அங்கே அப்போது கம்பெனி ஒன்றும் கிடையாது, சவுக்குத்தோப்புதான். எதிரே பஸ் வந்தது. ஓட்டியவர் எனக்கு நன்றாகப் பழக்கமான ஆள், தினமும் கடலூர் ஓல்டு டவுனில் ஒன்றாக டீ குடிப்பவர். என் முகத்தைப் பார்த்தார். அவர் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. போய்விட்டார்.

தோப்புக்குள் கைக்குட்டை இறங்கியதைப் பார்த்து பிரேக்கை மிதித்தேன். மொட்டை டயர் இழுத்துக்கொண்டு போனது. பெட்டி கம்மென்று இருந்தது.

"இது இன்னாய்யா?" என்று வண்டியை மறித்த ஏட்டு பெட்டியைத் தட்டினார்.

"டிரான்சிஸ்டருங்க" என்றார் மாமா.

"பாடச் சொல்லு."

"பாடாதுங்க. ரிப்பேரு."

கோர்ட்டில் மாமா சாட்சி சொன்னார். "மெதுவா போன்னுதான் சொன்னேன், கேக்கல." ஆறு மாசம் லைசென்ஸ் போனது. அக்காள் சுவரைப் பார்த்தபடி சாப்பாடு போட்டாள். நெல்லிக்குப்பம் மில்லில் வண்டி வண்டியாகக் கரும்பு இறக்கினேன். கரும்பின் காய்ந்த சோகை இலை அறுத்து இரண்டு கையும் புண்ணாகிப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புவனகிரிக்குப் போக அதே பஸ்ஸில் ஏறினேன். எஞ்சினுக்குப் பக்கத்துச் சீட்டில் போய் உட்கார்ந்தேன். சண்டை போடத்தான் போனேன்.

"அன்னிக்கு நீ என்னைப் பாத்த இல்ல?"

"பாத்தேன்."

"கை வெச்சிருந்தா என் பொழப்பு போயிருக்காது."

"நீ எனக்கு எத்தினி தடவ வெக்கலன்னு தெரியுமா? மூணு. மூணாவது தடவ நான் மாட்டுனேன்டா. கம்பெனியில பத்து நாளு வீட்ல ஒக்கார வெச்சாங்க. ஒனக்குத்தான் பெட்டி இருக்கே, கை எதுக்குன்னு வுட்டுட்டேன்."

எனக்கு அதுவரை அது தெரியாது. அவர் பஸ் மாட்டியதைக்கூட நான் விசாரிக்கவில்லை.

ஆலப்பாக்கம் தாண்டியதும் எதிரே மாமாவின் கார் வந்தது. புது டிரைவர் ஓட்டினான். பெட்டி கட்டியிருந்த இடத்தில் ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். சற்றுமுன்தான் நாங்கள் கைக்குட்டைக்காரரைத் தாண்டியிருந்தோம். பஸ் டிரைவர் கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்தார். புது டிரைவர் தலையை ஆட்டிவிட்டு வேகத்தைக் குறைத்தான். அவன் பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவர் கையைத் தட்டிவிட யாருமில்லை.

"அந்த ஆளு காருக்கா காட்டுற?" என்றேன்.

"காருக்கு யாரு காட்டுனா? அந்த டிரைவர் பய நேத்து எனக்குக் காட்டுனான்."

சண்டை போடாமலே புவனகிரியில் இறங்கினேன். மாமாவை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அவர் தட்டிவிட்டது ஒரு தடவைதான். மற்ற தடவையெல்லாம் கையைத் தூக்காதவன் நான்.