நான்காம் வரிசை, இடது ஓரம்

"உனக்கு எழுதி வெச்சாத்தான் ஞாபகம் இருக்கும், அட்வகேட்டம்மா. மூஞ்சியைப் பாத்து ஞாபகம் வெச்சுக்கறதெல்லாம் உன்னால ஆகாது. வாசல் ட்யூட்டிக்கு மூஞ்சிதான் முக்கியம்."

சர்ச்சில் என்னோடு வாசல் ட்யூட்டி பார்க்கும் அண்ணன் சொன்னது இது. அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். நான் அட்வகேட் இல்லை. அலிப்பூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் தினமும் அன்றைய வழக்குகளைப் பட்டியல் போடுகிறவள். பட்டியலில் இல்லாத வழக்கு அன்று நடக்காது. அதைத்தான் அவர் கிண்டல் செய்வார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தமிழ் ஆராதனை. ஒன்பது மணிக்கு அதே கட்டடத்தில் வங்காள ஆராதனை. எட்டரைக்கு நாங்கள் முடித்து, பெஞ்சுகளில் கிடக்கும் பாட்டுப் புத்தகங்களைப் பொறுக்கிவிட்டு வெளியேற வேண்டும். வருகிறவர்களை உட்கார வைப்பது, ஜெபம் நடக்கும்போது தாமதமாக வந்தவர்களை வாசலிலேயே நிறுத்துவது, இவைதான் வாசல் ட்யூட்டி. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, சபையார் எல்லோரும் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் நாள். அன்று இன்னொரு வேலையும் உண்டு. வரிசை வரிசையாக எல்லோரையும் முன்னால் அனுப்ப வேண்டும். நடக்க முடியாதவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று போதகருக்குத் தெரியப்படுத்த வேண்டும். கடைசியில் அவரே அப்பமும் பாத்திரமும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போவார்.

அண்ணன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அப்படிப்பட்டவர்கள் உள்ளே வரும்போதே கையில் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்துவிடுவார். அவர்கள் அதை பெஞ்சின் ஓரத்தில் போட்டுக்கொள்வார்கள். போதகர் துணியைப் பார்த்து வருவார். பக்கவாதம் வந்த ஒரு மாமா ஒருநாள் என்னிடம், "தோத்துப் போனவன் மாதிரி வெள்ளைக்கொடி காட்டிக்கிட்டு உக்காரணுமாம்மா?" என்றார். அதைக் கமிட்டியில் சொன்னேன். துணி வேண்டாம், யார் எங்கே என்று நான் ஒரு அட்டையில் எழுதி பீடத்தில் வைத்துவிடுகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

மாமாவின் வருத்தம் மட்டும் காரணமில்லை. துணி என்பது எழுதத் தெரியாதவர்கள் செய்த ஏற்பாடு என்று நினைத்தேன். எனக்கு எழுதத் தெரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா துறைமுகக் குடியிருப்பில் சாக்கடை சுத்தம் செய்கிறார். அம்மா நர்சிங் ஹோமில் ஆயா. நான் படித்த பள்ளி இந்திப் பள்ளி. தமிழ் எழுத்தை இதே சர்ச் வராந்தாவில் ஞாயிறு பள்ளியில்தான் கற்றேன். என் கையெழுத்தில் ஒரு அட்டை பீடத்தின் மேல் இருப்பதை ஐந்து மாதம் கடைசி வரிசையிலிருந்து அப்பா பார்த்தார். "அது உன்னுதுதானே?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்பார். தெரிந்துகொண்டேதான் கேட்பார்.

ஆறாவது மாதம் அண்ணன் இல்லை. கல்யாண சவாரிக்கு பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசலில் நான் தனியாக நின்றேன். புழுக்கத்தில் காலை ஆறரைக்கே முதுகு நனைந்துவிட்டது. ஏதோ ஒன்றை மறந்துவிடுவேன் என்ற பயத்தில் புத்தகக் கட்டை மூன்று தடவை எண்ணினேன்.

ஜாதவ்பூரிலிருந்து ஒரு பெரியம்மா டாக்ஸியில் வந்து இறங்கினார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதம் வீட்டோடு இருந்தவர். ஒரு கை மகன் தோளில், ஒரு கை நாலுகால் வாக்கரில். "இன்னிக்கு எப்படியும் வாங்கிடணும்னு வந்துட்டேன்மா," என்றார். நான் அவரை உட்கார வைத்துவிட்டு அட்டையில் எழுதினேன்: நான்காம் வரிசை, இடது ஓரம். அன்றைக்கு அந்த ஒரு பெயர்தான். பெயர்கூட எழுதவில்லை, இடம் மட்டும். அட்டையைப் பீடத்தில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

முதல் ஜெபத்தின்போது இரண்டு பேர் தாமதமாக வந்தார்கள். கையை நீட்டி நிறுத்தினேன். ஒருவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஜெபம் முடிந்ததும் அவரை உள்ளே விட்டுவிட்டு அடுத்தவரைப் பார்த்தேன். துறைமுக ஆபீஸுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த இளைஞர். எங்கே இடம் என்று தேடினேன். நான்காம் வரிசையில் இடது ஓரம் காலியாக இருந்தது. அங்கே உட்காரச் சொன்னேன்.

அரை மணி நேரத்துக்கு முன் நானே எழுதிய இடம். அட்டையில் வைத்துவிட்டதால் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மின்விசிறிக் காற்று வரவில்லை என்று மகன் பெரியம்மாவை இடம் மாற்றியிருக்கிறார்.

திருவிருந்து தொடங்கியது. வரிசைகளை அனுப்பினேன். நான்காம் வரிசை எழுந்தபோது அந்த இளைஞர் காலை மடக்கி மற்றவர்களுக்கு வழி விட்டுவிட்டு, புது ஆள் போகலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தார். எல்லோரும் திரும்பியபின் போதகர் அட்டையைப் பார்த்தார். அப்பமும் பாத்திரமும் எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனார். இளைஞர் திடுக்கிட்டுக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இந்த ஊரில் புதிதாக வந்தவர்களுக்கு இப்படித்தான் போல என்று நினைத்தாராம்.

பின்னாலிருந்து நான் பார்த்தது ஒரு கறுத்த, அடர்ந்த தலை. பெரியம்மாவின் தலை முழுக்க நரை.

எங்கே அவர்? வீட்டுக்குப் போய்விட்டாரா? வலதுபக்கத் தூணுக்குப் பின்னாலிருந்து வாக்கரின் ரப்பர் கால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டடி நகர்ந்து பார்த்தேன். ஒரு உள்ளங்கைமேல் இன்னொன்றை வைத்து, வாங்கத் தயாராக மடியில் ஏந்தியபடி பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போதகர் பாத்திரங்களை மூடிவிட்டு, "ஜெபிப்போம்," என்றார். தலைகள் குனிந்தன. இந்த ஜெபம் முடிந்தால் மீதியை அவரே உண்டு முடிப்பார். பிறகு ஆசீர்வாதம். அவ்வளவுதான். மணி எட்டு முப்பத்தைந்து. வாசலில் வங்காள ஆராதனைக்கு வந்திருந்த ஒரு வங்காளி அக்கா என் தோளைத் தொட்டு, "ஆர் கொதோ தேரி?" என்று, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் எனக் கேட்டார். "பாஞ்ச் மினிட், திதி," என்றேன்.

சும்மா இருந்துவிடலாம். அட்டையில் ஒருவர், போதகர் கொடுத்ததும் ஒருவருக்கு. யாரும் என்னைக் கேட்க முடியாது. பட்டியலில் வராமல் போன வழக்குக்காரர்கள் கோர்ட் வராந்தாவில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். யாராவது கூப்பிடுவார்கள் என்று சாயங்காலம் வரை இருப்பார்கள்.

என் செருப்பு கல் தரையில் கீச்சிடும். கழற்றி வாசலிலேயே விட்டேன். ஜெபத்தின் நடுவே யாரும் நடக்கக்கூடாது என்று காலையில் இரண்டு பேரை நிறுத்திய நான், பெஞ்சுகளுக்கு நடுவிலுள்ள வழியில் நடந்தேன். பீடத்தருகில் போய்க் குரலைத் தாழ்த்தி, "ஐயா, ஒருத்தங்க விட்டுப்போச்சு. நான் தப்பா எழுதிட்டேன்," என்றேன்.

மைக் என் பக்கத்திலேயே இருந்தது. நான் தப்பாக எழுதியதை நான்கு ஸ்பீக்கர்களும் சொல்லின.

போதகர் கண்ணைத் திறந்து, "எங்கேம்மா?" என்றார்.

"தூணுக்குப் பின்னாடி."

அதுவும் ஸ்பீக்கரில் போயிற்று. குனிந்த தலைகளெல்லாம் நிமிர்ந்து தூணைப் பார்த்தன. அவர் மூடியை எடுத்தார். நான் முன்னால் நடந்தேன். பெரியம்மா வாங்கிக்கொண்டார்.

டாக்ஸியில் ஏற்றும்போது, "ஏழு மாசம் வரலைல்ல, பேரை எடுத்துட்டீங்களோன்னு இருந்துச்சு," என்றார்.

"பேரு இருக்கு பெரியம்மா. இடத்தைத்தான் கோட்டை விட்டுட்டேன்."

"அப்ப அடுத்த மாசமும் வரேன்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அப்பா, "மைக்ல உன் கொரலு நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். அம்மா அவரை முழங்கையால் இடித்தாள்.

அடுத்த ஞாயிறு அண்ணன் என்னைப் பார்த்ததும், "தூணுக்குப் பின்னாடி," என்றார். வணக்கத்துக்குப் பதில் அதுதான். துணி ஏன் கையில் கொடுக்கப்படுகிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. ஆள் இடம் மாறினால் துணியும் கூடவே போகும். அட்டை போகாது. ஆனால் வெள்ளைக்கொடி என்று அந்த மாமா சொன்னதும் பொய்யில்லை. கரியாஹாட் கடைத்தெருவில், வெள்ளைத் துணிக்குப் பதிலாக, நீலக் கட்டம் போட்ட கைக்குட்டைகள் ஆறு வாங்கினேன். இந்த ஊரில் வியர்வை துடைக்கக் கைக்குட்டை இல்லாதவர் யார்?

"இது ஐயா கண்ணுல படுமா?" என்றார் அண்ணன். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. நாளை முதல் ஞாயிறு. அதனால் இன்று காலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு, போதகரிடம் சொல்லிவிட்டு, காலியான சர்ச்சுக்குள் போனேன். ஒவ்வொரு பெஞ்சின் ஓரத்திலும் கைக்குட்டையைப் போட்டுப் பீடத்தருகே நின்று பார்த்தேன். எல்லா இடத்திலும் தெரிந்தது, தூணுக்குப் பின்னால் தவிர. அந்தப் பெஞ்சை நானும் அப்பாவும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மூன்றடி முன்னால் இழுத்துப் போட்டோம். அங்கேயும் மின்விசிறிக் காற்று வருகிறதா என்று அப்பா உட்கார்ந்து பார்த்தார். வருகிறது.