மூன்றாம் பாகம் வராத நாவல்

யுத்த காலத்தில் காகிதத் தட்டுப்பாடு என்று சொல்லி, நான் படித்துக்கொண்டிருந்த நாவலின் மூன்றாம் பாகத்தை நிறுத்திவிட்டார்கள். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று பழகியிருந்த எனக்கு இந்த ஏமாற்றம் மட்டும் தாங்கவில்லை.

கதை இதுதான். கடலுக்கு அடியில் ஒரு பாறை, பாறையில் ஒரு கதவு. கதாநாயகன் அதைத் தள்ளிக்கொண்டு போனால் அந்தப்பக்கம் வேறொரு உலகம். அங்கே வெயில் உண்டு, ஆறு உண்டு, மூச்சு முட்டுவது மட்டும் கிடையாது. முதல் பாகத்தில் போய்விட்டுத் திரும்பினான். படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இரண்டாம் பாகத்தில் மறுபடியும் போனான். அந்த உலகத்தில் யாரும் உழைப்பதாகத் தெரியவில்லை, ஆனால் வேளாவேளைக்கு விருந்து நடந்தது. யார் சமைத்தார்கள் என்று ஆசிரியர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சிக்கல் வந்தபோதெல்லாம் இன்னொரு கதவைத் திறந்து தப்பித்துக்கொண்டார். கடைசியில், ஊருக்குத் திரும்புவதா அங்கேயே இருந்துவிடுவதா என்று அவனை வாசலில் நிறுத்திவைத்துப் பாகத்தை முடித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வந்து சத்தம்போட்டு வாசிப்பேன். அக்கா மீன் அறுத்துக்கொண்டே கேட்பாள். அத்தான் வலது காதை என் பக்கம் திருப்பிக்கொள்வார். இடது காது போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் சங்கு குளிப்பவர், கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பது தொழில். முத்துக்குளிப்பு எப்போதோ நின்றுபோய், சங்குதான் எங்களுக்குச் சோறு போட்டது. குளிப்பவன் கீழிருந்து அசைத்ததும் அவனை மேலே இழுக்கும் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் பிடிப்பது எங்கள் வழக்கம். அக்காள் தாலி அறுப்பதை எந்தத் தம்பியும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்ற நம்பிக்கை. அப்படித்தான் பதினேழு வயதில் அத்தானின் கயிறு என் கைக்கு வந்தது.

பத்து வருஷம் பிடித்தேன். அவர் கீழே இருக்கும்போதெல்லாம் வள்ளத்தில் நானும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன். அந்த வருஷம் மேலே வரும்போது அவர் மூக்கிலிருந்து இரத்தம் வழியத் தொடங்கியிருந்தது. கயிறு அசையக் கொஞ்சம் தாமதித்தாலும் நானே இழுக்கத் தொடங்கிவிடுவேன். உண்மையைச் சொல்கிறேன், அலுத்துப்போனேன். அவர் குளிப்பதை விட வேண்டும், நான் கயிற்றை விட வேண்டும். அதை நேராகச் சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே ஒரு கள்ளத்தனம் செய்தேன். மூன்றாம் பாகம் வந்துவிட்டது என்று சொல்லி, பழைய இரண்டாம் பாகத்தையே பிரித்துவைத்துக்கொண்டு நானாகக் கதை கட்டினேன். கதாநாயகன் கதவைச் சாத்திவிட்டு ஊருக்கு வருகிறான். உப்பளத்தில் வேலைக்குச் சேருகிறான். இனி கடலில் இறங்குவதில்லை என்று மாதா கோவிலில் சத்தியம் செய்கிறான். அச்சில் இருப்பதுபோலவே ராகம் போட்டு வாசித்தேன்.

அக்கா அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஏலே, அவன் எப்பம்லே நம்ம வேதத்துல சேந்தான்? போன பாகத்துல காவடி எடுத்தவன்லா?"

நான் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினேன். அத்தான் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"மாப்ள, ஒனக்குச் சலிச்சுப்போச்சா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா அத்தான்" என்றேன்.

"எனக்குந்தான். உப்பளத்துக்குப் போயிரலாம்னு மூணு மாசமா நெனச்சிக்கிட்டு கெடக்கேன். நான் குளிக்க எறங்கலன்னா ஒனக்குப் பொழப்பு ஏதுன்னுதான் சொல்லல."

இவருக்காக நானும், எனக்காக இவரும் தினமும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்கா கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து எங்கள் முன்னால் நின்றாள்.

"மூணு மாசமா வள்ளம் கரைக்கு வாரது வரைக்கும் எனக்குக் கஞ்சி எறங்கல. ரெண்டு பேருக்கும் வாயில்லாமலா போச்சு?" என்று சொல்லிவிட்டு அழுதாள். மறுநாள் நாங்கள் கடலுக்குப் போகவில்லை.