கழுத்துப்பட்டியோடு காணாமல் போன கொயோட்டி

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் விலங்கியல் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது கொயோட்டிகளுக்கு ரேடியோக் கழுத்துப்பட்டி மாட்டும் ஆய்வொன்றில் எனக்கு இடம் கிடைத்தது. கொயோட்டி நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. நகரத்துப் பள்ளத்தாக்குகளில் அவை எங்கே படுக்கின்றன, எந்த வழியால் போகின்றன என்று அறிவதுதான் எங்கள் நோக்கம். என் பேராசிரியர் மேற்கு மலைகளில் பல பனிக்காலங்கள் பூமா என்னும் மலைச்சிங்கங்களைத் தேடித் திரிந்து பட்டி மாட்டியவர்.

"மலைச்சிங்கம் மரத்தில் ஏறி நின்று நம்மைப் பார்க்கும். இது நிற்காது," என்று முதல் நாளே சொன்னார்.

மார்கழியில், ஸ்காபரோவின் கிழக்கு எல்லை ஆற்றங்கரையில், இளம் பெண் கொயோட்டி ஒன்று எங்கள் பொறியில் அகப்பட்டது. மயக்க ஊசி போட்டபின் அதன் தலையை நான்தான் மடியில் வைத்திருந்தேன். இன்னும் வளரும் வயது அதற்கு. ஆகவே பட்டிக்குள் இடம் விட்டு, நுரைப்பஞ்சு வைத்து மாட்டினோம். பனிக்காலம் முடியுமுன் திரும்பப் பிடித்துத் தளர்த்த வேண்டும். தவறினால் பட்டி கழுத்தை வெட்டும்.

தைப்பொங்கலுக்குப் பிறகு அதன் பட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த ரேடியோச் சத்தம் நின்றுவிட்டது. காதில் மாட்டிய கருவியில் வெறும் இரைச்சல்தான் கேட்டது. ஆற்றங்கரை முழுதும் நடந்தேன். வோபர்ன் பக்கம் மின்கம்பிகள் போகும் வெளியில், முழங்கால் புதையும் பனியில் அன்ரெனாவைத் தூக்கிப் பிடித்துத் திரிந்தேன். கண்ணிமையில் பனி கட்டியது. சத்தம் இல்லை.

"பற்றரி செத்திருக்கும். அடுத்ததைப் பார்ப்போம்," என்றார் பேராசிரியர்.

எனக்கு மனம் கேட்கவில்லை. இளங் கொயோட்டிகள் பனிக்காலத்தில் புது இடம் தேடி, ரயில் பாதை வழியே வெகுதூரம் போகும். பள்ளத்துக்குள் கிடந்தால் சத்தம் மேலே வராது. மலையில் என்றால் சிறு விமானத்தில் ஏறித் தேடுவார்கள். நகரத்தில் எனக்கு இருந்த உயரம் ஈழத்திலிருந்து வந்த எங்கள் சனங்கள் குடியிருந்த அடுக்குமாடிகள்தான். கிழக்கிலிருந்து மேற்காக, தெரிந்தவர்களின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். சிலர் சிரித்தார்கள். ஆனால் எல்லோரும் பல்கனிக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

கடைசியில் நகர நடுவிலிருந்த சென் ஜேம்ஸ் ரவுணில், மேல் மாடியொன்றில் தனியே இருந்த தூரத்து உறவான அன்ரியிடம் போனேன்.

"உது என்ன பிள்ளை, ரிவி அன்ரெனாவோ?"

"இல்லை அன்ரி. நரி மாதிரி ஒண்டைத் தேடுறன்."

"நரியோ? உதுக்கோ கம்பசுக்குப் படிக்கப் போனனீ?"

பல்கனியில் காற்று முகத்தை அறைந்தது. டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பக்கம் அன்ரெனாவைத் திருப்பினேன். முதலில் நம்பவில்லை. மெல்லியதாக, டிக், டிக். கருவியைக் கழற்றி அன்ரியின் காதில் வைத்தேன்.

"ஓம் பிள்ளை, என்னவோ தட்டுது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உயிரோடதானே இருக்கு?" என்றார்.

"சத்தம் கூடிக் குறையுது, ஓடித் திரியுது அன்ரி."

அன்றே பள்ளத்தாக்கில் இறங்கினேன். ரயில் பாதையோரப் பனியில் காலடிகள் நேர்கோடாய்க் கிடந்தன. பேராசிரியரை அழைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். வான் வண்டியிலிருந்த பொறிகளை இறக்கத் தொடங்கினார்.

அது எங்களை நன்றாக அலைக்கழித்தது. பொறியைச் சுற்றி நடந்துவிட்டுப் போகும். நாங்கள் இடத்தை மாற்றினோம், இறைச்சியை மாற்றினோம். அகப்பட்டால் அதன் கால் பனியில் விறைத்துவிடக் கூடாது என்பதால் வானுக்குள்ளேயே காவல் இருந்தோம். அன்ரி ஃபிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணீரும் ரொட்டியும் தந்துவிடுவார். மலைச்சிங்கக்காரர் ரொட்டிக்குச் சம்பலும் கேட்கப் பழகிவிட்டார்.

மாசியில் ஒரு காலை பிடித்துவிட்டோம். பஞ்சு நனைந்து உறைந்து கல்லாகியிருந்தது. அதன் கீழே மயிர் உதிர்ந்து தோல் உரிந்திருந்தது. இன்னும் சில கிழமை போயிருந்தால் சதைக்குள் இறங்கியிருக்கும்.

"புதுப் பட்டி இருக்கிறது. மாட்டுவோமா?" என்று கேட்டார் பேராசிரியர். இவ்வளவு தூரம் வந்த கொயோட்டி எங்கள் ஆய்வில் வேறு இல்லை.

"வேண்டாம்," என்றேன்.

அவர் வாதாடவில்லை. புண்ணுக்கு மருந்து தடவினோம். மயக்கம் தெளிந்ததும் அது தள்ளாடி எழுந்தது, தலையை உதறியது, புதருக்குள் மறைந்தது. நான் வெறும் பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கவலையாகத்தான் இருந்தது. ஆனாலும் வேறு மாதிரிச் செய்திருக்கலாம் என்று தோன்றவில்லை.

அன்ரியிடம் சொல்ல மேலே போனேன்.

"பிடிச்சு, பட்டியைக் கழட்டி விட்டாச்சு அன்ரி."

"விட்டாச்சோ? உதுக்கோ உவ்வளவு பாடு?" சிரித்தவர், சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "அப்ப இனி இஞ்சால வரமாட்டாய்?"

"வாறன் அன்ரி. பட்டி போட்ட இன்னொண்டின்ர சத்தமும் கேக்கேல்லை. நாளைக்கே வாறன்."

பல்கனியில் நான் நிற்கும் மூலையில் குவிந்திருந்த பனியை அவர் தும்புத்தடியால் ஒதுக்கத் தொடங்கினார்.