வெயிலில் ஒரு வெள்ள எச்சரிக்கை

வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மேற்கே எங்கோ கொட்டிய மழைக்கு, இங்கே காஞ்சிபுரத்தில் வேகவதி ஆற்றங்கரை நெசவாளர் தெருவில் வெள்ள எச்சரிக்கை. கைப்பேசி அலறியதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, முன்பின் தெரியாத வீட்டு மாடிப்படியில் ஏறி நிற்கிறேன். தெருவில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

கீழே வீட்டுக்காரப் பெண் தறிக்குழிக்குள் நின்று, அடியில் ஊறிவரும் தண்ணீரை வாளியால் இறைக்கிறாள். தறியில் பாதி நெய்த கல்யாணப் பட்டு.

"கிளம்பலையாம்மா?"

"ஆளுங்கள ஏத்த லாரி வந்துக்கினு இருக்குது சார். தறிய எதுல ஏத்துறது? தறியில நீளமா இழுத்துக் கட்டின பாவு நூல அறுத்தாலும் புடவை போச்சு, நனைஞ்சாலும் போச்சு. ஏன் சார், உங்க செருப்புக்கு நீச்சல் தெரியாதா?"

லாரி ஹாரன் அடிக்கிறது. அவள் கத்தரிக்கோலைத் தேடுகிறாள்.

முதல் ஆளாக லாரியில் ஏறுகிறவன் நான்தான். நனைவதற்கு இந்த ஊரில் எனக்கென்று ஒரு நூல்கூட இல்லை.